மஞ்சள் பூசிய இடம்

போரில் மாண்டவர்களுக்காக ஊர் முச்சந்தியில் நிறுத்திய கருங்கல் தூணின் மேல் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது.

"ஏழு வரி செதுக்கியிருக்கிறார்கள். அதற்குக் கீழே ஏன் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது?" என்று கேட்டது.

"இனிமேலும் தேவைப்படுமாம். மூன்று பெயருக்கு இடம் விடச் சொன்னார்கள்," என்றது தூண். "அதைக் கேட்ட நாளிலிருந்து வேலுத்தாய்க்குத் தூக்கமில்லை. அவள் மகன் எல்லையில் இருக்கிறான்."

செவ்வாய்க்கிழமை வேலுத்தாய் வந்தாள். அந்த வெற்றிடம் முழுக்க மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டினாள்.

"கெட்டிக்காரி!" என்றது காகம். "சாமியாகிவிட்ட கல்லில் எவன் உளி வைப்பான்?"

வாராவாரம் அவள் வந்தாள். போகப் போக, அவ்வழியே போன மற்றவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

ஐப்பசியில் ஒரு காலை கல்தச்சர் உளியோடு வந்தார். மஞ்சளைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு தூணைச் சுற்றிப் பின்பக்கம் போய் உட்கார்ந்து, செதுக்கத் தொடங்கினார்.

"யார் பெயர்?" என்று கேட்டது தூண். "என் முதுகை நான் பார்க்க முடியாதே."

"எனக்குப் படிக்கத் தெரியாது," என்றது காகம்.

"அப்படியானால் செவ்வாய்க்கிழமை வரை என்னோடு இரு."

செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் வரை இரண்டும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தன. வேலுத்தாய் வரவில்லை.