கொசு எழுதிய வழக்குகள்

சாட்சிக் கூண்டில் ஏறிய ஆளைப் பார்த்ததும் தேன்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்தக் கொசுவையா கூட்டிட்டு வந்திருக்கானுங்க? முடிஞ்சுது நம்ம கதை" என்று பக்கத்திலிருந்த மகளின் காதைக் கடித்தாள்.

கொசு என்பது மலைக்காரர்கள் வைத்த பேர். வனத்துறையில் முப்பது வருஷம் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கே உட்கார்ந்தாலும் வந்து கடிப்பார். தேன் எடுத்தால் கேஸ், சுள்ளி பொறுக்கினால் கேஸ். சும்மா நின்றால்கூட, 'அனுமதியின்றி வனத்துக்குள் நின்றார்' என்று கேஸ். நின்றது அவரவர் வீட்டு வாசல், அதையெல்லாம் யார் கேட்பது? பேர், அப்பன் பேர், எந்தச் சரிவு, எத்தனையாவது குடிசை என்று சாவகாசமாக எழுதி, கைநாட்டும் வாங்கிக்கொண்டுதான் மனுஷன் நகருவார்.

தேன்காரியின் அப்பாவைப் புதைத்து, கையில் ஒட்டிய மண்ணைக்கூட யாரும் கழுவவில்லை. அதற்குள் நோட்டோடு வந்து நின்றார். 'அனுமதியின்றிக் குழி தோண்டினார்கள்' என்று எழுதிக்கொண்டு போனார். அன்றைக்கு அவள் விட்ட சாபம் பலித்திருந்தால் இந்தக் கூண்டில் ஏற அவருக்குக் கால் இருந்திருக்காது.

வழக்குப் போட்டது மலைக்காரர்கள்தான், அரசாங்கத்தின் மேல். மலையைக் குடைந்து சுரங்கம் தோண்டப் போகிறார்களாம், எல்லோரும் மூட்டை கட்ட வேண்டுமாம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அங்கே குடியிருந்ததாக நிரூபித்தால் ஒருத்தரும் அசைக்க முடியாது. சட்டம் அப்படி.

அரசாங்கமோ, இவர்கள் பத்து வருஷத்துக்கு முன்னால் சுரங்கச் சேதி கேட்டு, நஷ்ட ஈட்டுக்கு ஆசைப்பட்டு வந்து குடிசை போட்டவர்கள் என்று சாதித்தது. இல்லையென்று காட்ட மலைக்காரர்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஓடையையும் பாறையையும் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கவா முடியும்? அவர்களுடைய வக்கீலம்மா போன வாய்தாவிலிருந்தே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தோடு விட்டிருந்தால் அரசு வக்கீல் ஜெயித்திருப்பார். இவர்கள் திருட்டுக் கும்பல் என்றும் காட்டிவிட வேண்டுமென்று அவருக்கு ஓர் ஆசை. அந்த நேரம் பார்த்து கொசு தானாகவே போய், நான் சாட்சி சொல்கிறேன் என்று நின்றாராம். வக்கீலுக்குக் கேட்கவா வேண்டும்? நோட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கூட்டி வந்துவிட்டார்.

"இந்த ஜனங்க மேல மொத்தம் எத்தனை கேஸ் எழுதியிருக்கீங்க?"

"நானூத்திப் பன்னெண்டுங்க."

அரசு வக்கீல் கல்யாண மாப்பிள்ளை மாதிரி கோர்ட்டைச் சுற்றிப் பார்த்தார். "சாம்பிளுக்கு ஒண்ணை வாசிங்க."

கொசு எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். தேதியைச் சொன்னார். பிறகு கணீரென்று வாசித்தார்.

"குற்றவாளி, பெண் குழந்தை. வயது மூன்று நாள். தாயார், தேன் எடுப்பவர். தெற்குச் சரிவு, மூன்றாவது குடிசை. குற்றம், ஒரு கட்டு விறகு திருடியது."

கோர்ட் கொல்லென்று சிரித்தது. இப்போது இருபத்தெட்டு வயதான அந்தக் குற்றவாளி, தேன்காரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருதிருவென்று விழித்தாள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "மூணு நாள் குழந்தை எப்படிய்யா விறகைத் தூக்கும்?"

"சின்னக் கட்டுங்கய்யா."

மறுபடி சிரிப்பு. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. இந்த நானூற்றுப் பன்னிரண்டில் எத்தனை கேஸ் கோர்ட்டுக்கு வந்தது என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்றார் கொசு. ஏன் என்றதற்கு, அப்போது வேலை ஜாஸ்தி என்று கூசாமல் சொன்னார்.

நீதிபதி நோட்டை வாங்கிப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் துறை முத்திரை, மேலதிகாரி கையெழுத்து. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், முப்பதுக்கு முன்னால், அதே சரிவு, அதே குடிசைகள், அப்பன் பேரோடு, கைநாட்டோடு.

"விறகை நான் நம்பல. குழந்தையை நம்பறேன்" என்றார்.

அரசு வக்கீல் அலறியடித்துக்கொண்டு எழுந்து, இந்த நோட்டை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவே கூடாது என்றார். கொண்டுவந்தது யார் என்று நீதிபதி விசாரித்ததும் ஓசைப்படாமல் உட்கார்ந்துவிட்டார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டவர் வேறென்ன செய்வார்?

மத்தியானமே உத்தரவு வந்துவிட்டது. அந்த மலையிலிருந்து ஒருத்தரையும் கிளப்பக் கூடாது. வக்கீலம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மலைக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

தேன்காரி மட்டும் வராந்தாவில் கொசுவை வழிமறித்தாள். கும்பிடுவதா, கன்னத்தில் நாலு வைப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. முப்பது வருஷக் கோபம் ஒரு மத்தியானத்தில் ஆறிவிடுமா என்ன?

"எங்களைக் காப்பாத்தணும்னு நெனச்சிருந்தா, இவங்க இங்க குடியிருக்காங்கன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே ஐயா. எங்கப்பன் குழிமேல நின்னுக்கிட்டா கேஸ் எழுதணும்?"

கொசு மெல்லச் சொன்னார்.

"துறை குடுத்த நோட்டுல மரத்துக்குப் பக்கம் இருந்துது, மிருகத்துக்குப் பக்கம் இருந்துது, திருடனுக்குப் பக்கம் இருந்துது. மனுஷனுக்குப் பக்கமே இல்ல, தங்கச்சி."