மேப்பிள் மரமும் தகர வாளியும்

பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு காட்டில் மேப்பிள் மரம் ஒன்று நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அதன் இடுப்பில் துளை போட்டு ஒரு தகர வாளியை மாட்டியிருந்தார்கள். துளை வழியாகச் சாறு சொட்டுச் சொட்டாக வாளியில் விழுந்தது.

அணில் ஒன்று ஓடிவந்து அதை நக்கிப் பார்த்தது. “என்னண்ணே, வெறும் பச்சத்தண்ணி மாதிரி சப்புன்னு இருக்கு!” என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போய்விட்டது.

மரத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“ஏம்ப்பா வாளி, அந்த வீட்டுல என்னைத் தேனு தேனுன்னு கொண்டாடுறாங்கன்னு நேத்து நீதானே சொன்னே?”

“ஆமாண்ணே. ரொட்டியில ஊத்திச் சாப்பிட்டுட்டு, தேனெல்லாம் இதுகிட்ட பிச்சை வாங்கணும்னாங்க. ஆனா அதுக்கு உங்க தண்ணியை நாள் பூரா காய்ச்சி, பாகாகுற வரைக்கும் சுண்ட வைக்கணும்.”

மரம் பூரித்துப்போனது. “நாள் பூராவா? அவ்வளவு விறகுக்கு எங்கே போறாங்க?”

வாளி சற்றுத் தயங்கியது. “பக்கத்துல நின்னாரே உங்க கூட்டாளி, அவரைத்தான் எரிக்கிறாங்க. சாறு வத்திப்போச்சுன்னு வெட்டினாங்களே, அவரை.”

மரம் பக்கத்திலிருந்த அடிக்கட்டையைப் பார்த்தது. சாற்றைக் குறைத்தால் அடுத்த கோடரி தன் மேல்தான் விழும். அதிகமாகக் கொடுத்தாலோ இன்னும் விறகு வேண்டியிருக்கும், அது வேறொருவர் மேல் விழும். கொடுப்பதா, அடக்குவதா?

மரம் குழம்பிக்கொண்டே நின்றது. சாறு அதன்பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.

“யோசிச்சது போதும்ண்ணே,” என்றது வாளி. “நான் நிரம்பிட்டேன்.”