பதினைந்தாவது சட்டை

உடைமாற்றும் அறையில் வானொலிச் செய்தி முடிந்தது. அயர்லாந்தில் எந்தெந்த ஊர் வளர வேண்டும் என்று வகுத்த இருபதாண்டுத் திட்டத்தை அரசு கைவிட்டு, புதிதாக ஒன்றை அறிவித்திருந்தது. பழையதில் எங்கள் கில்டெரன் இருந்தது. புதியதில் இல்லை.

“காலேஜ் வரும், ரயில் வரும்னாங்க. நம்பி உக்காந்திருந்தோமே!” கோச் மலாக்கி ரேடியோவை அணைத்தார். “ஃபின்டன், நீ டப்ளின்ல அரசாங்க வேலைதானே? எந்தப் பய எழுதினான் இத?”

எங்களுடையது அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் அயர்லாந்துக் கால்பந்து; ஃபின்டன் அதில் முன்வரிசை ஆட்டக்காரன். ஞாயிறுதோறும் டப்ளினிலிருந்து காரில் வந்து ஊருக்காக ஆடுபவன். பூட்ஸ் கயிற்றை விட்டு நிமிர்ந்தான்.

“எங்க குழுதான், கோச். நம்ம ஊர் பேரப் பட்டியல்லருந்து அடிச்சது நான்.”

“நீயா? நீ பொறந்த ஊருடா!”

“ஊர்ல இளவட்டமே இல்ல, கோச். யாருக்கு ரயில் விடறது?”

“வாய மூடு. இங்க ஆளா இல்ல? சட்டையக் கழட்டிட்டுப் போ!”

அவன் சட்டையைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கதவை நோக்கி நடந்தான். யாரும் தடுக்கவில்லை.

கோச் எங்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பதினான்கு பேர். பதினைந்து பேர் இறங்காவிட்டால் ஆட்டம் எதிரணிக்கு. இன்னொரு ஆட்டம் அப்படிப் போனால் கிளப்பையே பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள்.

வெளியே நடுவர் விசில் ஊதினார்.

கோச் சட்டையை எடுத்து அவன் முதுகில் எறிந்தார்.

“போட்டுட்டு வாடா, துரோகி.”