வாயடைத்த சைலன்சர்

ஜெபராஜின் பைக் சைலன்சர், கைப்பிடி வழியாக அவனுடைய நாடியைப் பிடித்து, நெஞ்சு அடிக்கிற அடிக்கெல்லாம் உறுமும். தூத்துக்குடியில் இப்போது எல்லோரும் அதைத்தான் மாட்டுகிறார்கள். கல்யாணமான புதிதில் ரோஸ்லின் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் அது போட்ட சத்தத்துக்கு, துறைமுகத்தில் நின்ற கப்பல் பதில் ஹாரன் அடித்தது.

இன்று அவளுடைய ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். அது போட்ட அலறலில் ஊர்க் காகமெல்லாம் இலங்கைக்குப் பறந்துவிட்டன. நாளை மறுநாள் அவள் தங்கைக்குக் கல்யாணம். அதுவரையாவது ரோஸ்லினுக்கு விஷயம் தெரியக்கூடாது. நேரே மெக்கானிக் பிச்சையாவின் பட்டறைக்கு விட்டான்.

"அண்ணாச்சி, இதோட வாயை அடைங்க. நான் பயந்தாலும் செத்தாலும் ஒரே சத்தம்தான் வரணும்."

"பேங்க்கைக் கொள்ளையடிக்கப் போறியால?" என்று கேட்டுக்கொண்டே பிச்சையா பைப்பைக் கழற்றி, நாடி ஒயரைத் தளர்த்தி, மறுபடி மாட்டி, திருகைத் திருகித் திருகி ட்யூன் செய்தார். கடைசியில் வண்டி பூனைக்குட்டி மாதிரி 'குர்ர்' என்றது. ஜெபராஜின் நெஞ்சுதான் சட்டைப் பொத்தானைத் தெறிக்கவிடுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

கல்யாணப் பட்டு எடுக்கப் போகத் தயாராக வாசலில் நின்றாள் ரோஸ்லின்.

"ரிப்போர்ட்ல என்ன போட்டிருக்கு?"

"எல்லாம் சரியாத்தான் இருக்காம். ஏறு."

ஏறி, அவன் தோளில் கை வைத்தாள். வண்டி பூனைக்குட்டியாகவே போனது. இரண்டாவது தெரு திரும்பியதும் அந்தக் கை இறுகியது.

"ஏங்க, பன்னெண்டு வருசமா நான் ஏறினா இது ஊரையே எழுப்பும். இன்னைக்கு எதுக்கு இதோட வாயைக் கட்டிக் கூட்டிட்டு வந்தீங்க? வண்டியை ஓரமா நிறுத்துங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"