ஒன்பது வருஷத்து வாசனை

கிஷோர் கண்ணாடிக் கோப்பையை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, நகை எடை போடுகிற சேட்டு மாதிரி ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

"நிறத்தைப் பாத்தீங்களா அலெக்ஸ்? தங்கம்! ஒன்பது வருஷம் பாட்டில்ல தூங்கினாதான் இந்த நிறம் வரும்."

அது பாட்டிலுக்குள் போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

கிஷோர், அலெக்ஸின் மேனேஜர். ஜெர்மனியில் ஆறு மாதம் இருந்துவிட்டு, ஆறு வருடமாக அதைச் சொல்லிக்கொண்டிருப்பவன். அங்கிருந்து, அப்போதே மூன்று வருடப் பழசாக வாங்கி வந்த வெள்ளை ஒயினை வேலப்பன்சாவடி ஃபிளாட்டில் வைக்க முடியாமல், மாமனார் மாமியாருக்குப் பயந்து, சென்னீர்குப்பத்தில் அலெக்ஸ் வீட்டில் கொண்டு வந்து படுக்க வைத்திருந்தான். அதைத் திறக்கிற அன்று, அடுத்து ஜெர்மனிக்குப் போவது யார் என்று சொல்வதாக வாக்கு. அலெக்ஸ் அந்த வாய்ப்புக்காக மூன்று வருடமாகக் காத்திருந்தான்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்த அலெக்ஸின் அப்பா அந்தோணிராஜ், மட்டன் வறுவலோடு அந்த பாட்டிலைத் தீர்த்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடுகிற தித்திப்பு ஒயினைத் தவிர வேறு அறியாதவர்.

"சக்கரையே இல்லடா அதுல. கெட்டுப் போயிகீதுன்னு நெனச்சேன். வீணாவக் கூடாதேன்னு குட்ச்சிட்டேன்" என்றார், பெரிய தியாகம் செய்தவர் போல.

காப்பாற்றியது அம்மா ஞானகுமாரிதான். அவள் பச்சைத் திராட்சையில் போட்டிருந்த ஒயின், ஈஸ்ட் கூடிப்போய், தித்திப்பெல்லாம் போய்ப் புளித்து, ஜாடியில் கேட்பாரற்றுக் கிடந்தது. அவசர அவசரமாக அதை வடிகட்டி பாட்டிலில் ஊற்றினாள். ஊற்றும்போதே, பைக் சாமானைச் சமையல்கட்டில் போட்டு வைக்கிறானே என்று சின்ன மகன் டேனியைத் திட்டித் தீர்த்தாள்.

"காத்து பட்டா நல்லதுன்னு நீங்கதான சொன்னீங்க? அதான் தெறந்து வெச்சேன்" என்று, பாட்டில் திறந்திருப்பதைப் பார்த்துக் கேட்ட கிஷோரிடம் அலெக்ஸ் சமாளித்திருந்தான்.

கிஷோர் ஒரு வாய் உறிஞ்சி, பல் விளக்குகிறவன் போலக் கொப்பளித்து விழுங்கினான்.

"எலுமிச்சைத் தோல். பச்சை ஆப்பிள். மழையில நனைஞ்ச கருங்கல். முடியற இடத்துல லேசா தேன்."

கருங்கல்லை எப்போது நக்கிப் பார்த்தீர்கள் என்று கேட்க அலெக்ஸுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஜெர்மனியை நினைத்து அடக்கிக்கொண்டான்.

"ஆனா இதெல்லாம் யார் வேணா சொல்லிடலாம்" என்றான் கிஷோர். "இந்த ஒயினுக்கு வயசாயிடுச்சுன்னா ஒரே ஒரு அடையாளம்தான். அடியில பெட்ரோல் வாசனை வரணும். வரலேன்னா, இது நான் குடுத்த பாட்டிலே இல்ல."

அலெக்ஸின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்தோணிராஜ் சத்தமில்லாமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

கிஷோர் கோப்பைக்குள் மூக்கை விட்டான். எடுக்கவே இல்லை. ஒரு வழியாக நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"வந்துருச்சு! இவ்வளவு தெளிவா ஜெர்மனியில கூட நான் பாத்ததில்ல. அலெக்ஸ், பாஸ்போர்ட்டை எடுத்து வைங்க. நீங்கதான் போறீங்க!"

அலெக்ஸ் சமையல்கட்டுக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ம்மா, ஜெர்மனி கெட்ச்சிருச்சிமா! அந்தாளு இன்னா புளுகு புளுகுறான் தெரியுமா? நீ போட்ட ஒயின்ல பெட்ரோல் வாசன வருதாம்!"

ஞானகுமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. மேடையில் கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் புனலை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"அவுரு புளுகலடா... டேனி பைக்குக்கு பெட்ரோல் ஊத்துற புனலு இது!"