காது மடிப்பு
மதிய வெயில் கட்டிலில் பாதிவரை ஏறி நிற்கிறது. காய்ந்த துணிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து அக்கா துண்டுகளை மடிக்கிறாள். எதிரே தங்கையும் மடிக்கிறாள், தனக்கென்று ஓர் அடுக்காக. புரதங்களை ஆராயும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். இந்த வீட்டில் துண்டை நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று என்றுதான் மடிப்பார்கள். அக்காவோ ஒரு முனையை முறுக்கி வெளியே நீட்டிவிடுகிறாள், காது மாதிரி. எல்லாத் துண்டிலும் அதே காது. “என்னக்கா இது, புது மடிப்பா இருக்கு?” “புதுசா? எப்பவும் இப்படித்தானடி மடிப்போம்.” உதட்டில் சிரிப்பு இருக்கிறது, கண் துண்டை விட்டு அசையவில்லை. அம்மாவைக் கொண்டுபோன நோயும் இப்படித்தான் ஆரம்பித்தது. மூளையில் ஒரு புரதம் தப்பாக மடிந்துகொள்ளும். பிறகு பக்கத்திலிருக்கும் நல்லதைத் தொட்டு, அதையும் தன்னைப் போலவே மடிய வைக்கும். அது இன்னொன்றை. சத்தமே கேட்காது. பரம்பரையாக வரலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும், ரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருவரும் நழுவிக்கொண்டே இருக்கிறார்கள். மின்விசிறி முனகுகிறது. தங்கையின் கண் அக்காவின் முகத்திலேயே இருக்கிறது. கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்கிறது. “பாத்தியா,” என்று அக்கா குதூகலமாய்க் கை தட்டுகிறாள், “நீயும் அப்படித்தான் மடிச்சிருக்க!” தங்கை குனிந்து பார்க்கிறாள். அவளுடைய அடுக்கில் அடியிலிருந்து மேல்வரை எல்லாத் துண்டுக்கும் காது முளைத்திருக்கிறது.