காட்டேரிப் பரீட்சை

திரையில் கதாநாயகியின் தோழி கழுத்தில் ரத்தம் வழியச் சரிந்தபோது, பஸ் டிரைவர் நிதானமாகப் பாப்கார்ன் மென்றுகொண்டிருந்தான். ரத்தக் காட்டேரி வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைத் தேடியது. அவன் காகிதப் பையின் அடியில் இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேடினான்.

பக்கத்தில் அவன் மனைவி, ஒன்பதாவது மாதம். அவளுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அக்கா. வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக அவள் ஏறி வந்ததில் தாமதமாகிவிட்டது. அவர்கள் உட்கார்ந்தபோது கதாநாயகி ஏற்கெனவே வாளும் கையுமாக இருந்தாள்.

இது பொழுதுபோக்கு அல்ல, பரீட்சை. பிரசவ அறையில் ஒரே ஒருவர்தான் கூட இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான்தான் இருப்பேன் என்று இவன் ஒற்றைக் காலில் நின்றான்.

அவனுடைய வீரம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கல்யாணமான புதிதில் வெங்காயம் நறுக்கும்போது அவள் விரலை வெட்டிக்கொண்டாள். ஒரு சொட்டைப் பார்த்தவன் பாத்திர அலமாரியோடு சாய்ந்தான். ரத்தம் வழியும் விரலோடு அவள்தான் அவன் முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

"ஏதோ காட்டேரிப் படம் ஓடுதாம், ஒரே ரத்தமாம். அதைக் கண்ணை மூடாம முழுசாப் பாருங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்று அவள் போன வாரம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிதான் மூன்று பேருக்கும் தோதுப்பட்டது.

நடுவராக வந்த அக்கா முதல் கடியிலேயே கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டவள், விளக்கு போட்ட பிறகுதான் எடுத்தாள். மனைவியோ மூன்று தடவை பாத்ரூம் போய் வந்தாள், இடைவேளைக்குப் பிறகு வெடிச் சத்தத்துக்கு நடுவே அயர்ந்து தூங்கிப்போனாள். அவன் கண் திறந்திருந்ததற்குச் சாட்சியே இல்லை.

ஆகவே வெளியே காபிக் கவுண்ட்டரில் விசாரணை நடந்தது. படம் எப்படி என்று கேட்டதுதான் தாமதம், அவன் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டான். கதையைப் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். ஐந்நூறு வருஷம் வாழ்ந்த காட்டேரிக்குக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்கத் தெரியாதா? வாள் சண்டைக்கு மட்டும் முழு மார்க் கொடுத்தான்.

பஸ்ஸைத் துரத்தும் காட்சியை அவனால் மன்னிக்கவே முடியவில்லை. அந்த வேகத்தில் அந்த வளைவில் திருப்பியிருந்தால் காட்டேரிக்கு வேலையே இருந்திருக்காது, டிரைவரே எல்லோரையும் முடித்திருப்பான் என்றான்.

"சரி, ரத்தம்?" என்றாள் மனைவி.

"அது ரத்தமா? பெயின்ட். ஒரு பிரஷ் மட்டும் கிடைச்சிருந்தா நம்ம வீட்டு கேட்டுக்கு ரெண்டு கோட்டிங் அடிச்சிருப்பேன்."

அக்கா சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை தேறிவிட்டார் என்று தங்கையின் காதில் முணுமுணுத்தாள். அது அவன் காதிலும் விழுந்து, உற்சாகம் தலைக்கேறியது.

"அதை விடுங்க அக்கா. அந்தத் துறைமுகக் காவலாளி, சவப்பெட்டி தானா ஆடுது, இவன் திறந்து உள்ள டார்ச் அடிச்சுப் பார்க்கிறான். எவனாவது பார்ப்பானா?"

மனைவி கப்பைக் கீழே வைத்தாள். "எந்தக் காவலாளி?"

"முதல் சீன்ல வர்றானே."

"முதல் சீனை நாம பார்க்கவே இல்லைங்க."

அவன் காலிக் கப்பை மறுபடியும் உறிஞ்சினான்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டிப்போவில் எவனோ சொன்ன கதையை மனப்பாடம் பண்ணிக்கொண்டு, இருட்டில் கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருக்கிறான். வலி வரும் நேரத்தில் பிடித்துக்கொள்ள அவளுக்கும் அவன் கைதான் வேண்டும். இவர் எப்படியாவது தேறிவிட வேண்டுமே என்று வாரம் முழுக்க அவள்தான் தவித்துக்கொண்டிருந்தாள்.

"முடியலைன்னு சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். பொய் எதுக்கு?" என்றவள் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நீயே உள்ள வந்துடுக்கா."

அவன் மூன்று காலிக் கப்புகளையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, பின்னாலேயே நடந்தான்.

வாசலில் டிக்கெட் கிழிப்பவர் அவனைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தார். வேண்டாம், வேண்டாம் என்று அவன் கண்ணைக் காட்டினான். அவர் அதை நலம் விசாரிப்பாக எடுத்துக்கொண்டு, நேராக அவளிடமே போனார்.

"நீங்கதான் வீட்டுக்காரம்மாவா? அஞ்சு நாளா டூட்டிக்கு முன்னாடி யூனிபார்மோட காலைக் காட்சிக்கு வந்துடுறாரும்மா. முதல் நாள் அந்தக் காவலாளியைக் கடிக்கிறப்பவே மயங்கி விழுந்துட்டாரு. நாங்க ரெண்டு பேர் தூக்கிட்டு வந்து இந்த பெஞ்சுலதான் படுக்க வெச்சோம். மறுநாளும் அதே கதை. நேத்துதான் இடைவேளை வரைக்கும் தாக்குப் பிடிச்சாரு. இன்னைக்கு எங்க பையன் டார்ச் அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டு வந்து சொல்றான், சார் கண்ணை மூடவே இல்லையாம்."

அவன் காது வரை சிவந்து, சுவரில் இருந்த போஸ்டரைப் படிப்பதுபோல் நின்றான்.

அவள் அக்காவின் தோளிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு எட்டு பின்னால் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீ வெளியிலேயே இரு."